வெகுசனப் பண்பாடு: நன்மையும் தீமையும் வருவது ஒரே வாசல் வழியாக

"சினிமாதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்று ஒரு கட்சி. "அது வெறும் பொழுதுபோக்கு, பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள்" என்று இன்னொரு கட்சி. சினிமாவின் இடத்தில் முன்பு நாவல் இருந்தது. பிறகு காமிக்ஸ் வந்தது, தொலைக்காட்சி வந்தது, வீடியோ கேம் வந்தது, இப்போது ரீல்ஸ். குற்றவாளிக் கூண்டில் ஆள் மாறுகிறார், வழக்கு மட்டும் மாறவில்லை.

முதல் கட்சி ஒரு படத்தை ஊசி மருந்தைப் போல நினைக்கிறது: ஏற்றினால் போதும், உள்ளே போய் வேலை செய்துவிடும். இரண்டாம் கட்சி அதைப் பேருந்துச் சன்னலில் கடந்துபோகும் மரங்களைப் போல நினைக்கிறது: பார்த்தோம், போய்விட்டது. ஐம்பது அறுபது ஆண்டுகால ஆய்வுகள் இரண்டையும் ஆதரிக்கவில்லை. வெகுசனப் பண்பாடு மனிதர்களை மாற்றத்தான் செய்கிறது. ஆனால் அது தொடுகிற இடம் நாம் நினைக்கிற இடம் அல்ல. அந்த இடம் எது என்று தெரிந்துகொண்டால், அதன் நன்மைகளையும் தீமைகளையும் தனித்தனியாக அடுக்க வேண்டிய அவசியமே குறைந்துவிடும்.

## முதலில், எதைச் சொல்கிறோம்?

பெருந்திரளான மக்கள் ஒரே காலத்தில் பகிர்ந்துகொள்ளும் பாட்டு, படம், தொடர், விளையாட்டு, உடை, பேச்சு, நகைச்சுவை எல்லாம் சேர்ந்ததுதான் வெகுசனப் பண்பாடு. அதை அனுபவிக்கத் தனிப் பயிற்சி தேவையில்லை என்பது முக்கியமான அடையாளம். செவ்வியல் கலைக்குப் பயிற்சி பெற்ற காதும் கண்ணும் வேண்டும். நாட்டார் கலையை அதைப் பயன்படுத்தும் மக்களே ஆக்கி, வாய்வழியாகக் கைமாற்றுகிறார்கள். வெகுசனப் பண்பாட்டில் ஆக்குபவர் ஒரு பக்கம், பெறுபவர் மறுபக்கம், நடுவில் விற்பனை. இந்த எல்லைகள் நிலையானவை அல்ல. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இளம்பெண்களின் மனத்தைக் கெடுக்கும் என்று பழிக்கப்பட்ட நாவல், இன்று பாடத்திட்டத்தில் இருக்கிறது.

புல்வெளியில் உருவாகும் ஒற்றையடிப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் திட்டமிட்டுப் போடவில்லை. பல கால்கள் நடந்ததால் புல் தேய்ந்தது. ஆனால் பாதை விழுந்த பிறகு, அடுத்து வருபவர் எங்கே நடக்க வேண்டும் என்பதை அந்தப் பாதைதான் சொல்கிறது. வெகுசனப் பண்பாட்டை மக்கள் உண்டாக்குகிறார்களா, மக்களை அது உண்டாக்குகிறதா என்ற கேள்விக்கு இரண்டும் என்பதுதான் விடை. 1940களில் ஜெர்மன் சிந்தனையாளர்கள் தியடோர் அடோர்னோவும் மாக்ஸ் ஹோர்க்ஹைமரும் இதைப் 'பண்பாட்டுத் தொழில்' என்று அழைத்தார்கள்: ஆலையில் பொருள் செய்வதுபோல ரசனையும் அச்சில் வார்க்கப்படுகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 1973இல் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் மறுபக்கத்தைக் காட்டினார். பார்ப்பவர் சொன்னதை அப்படியே விழுங்குவதில்லை. சிலர் ஏற்கிறார்கள், சிலர் பாதி ஏற்றுப் பாதி தள்ளுகிறார்கள், சிலர் நேரெதிராகவே படித்துக்கொள்கிறார்கள். பாதையைப் போட்டவர் ஒருவராக இருந்தாலும், அதை விட்டு விலகி நடக்கும் கால்கள் எப்போதும் உண்டு.

## ஒன்று 'ஹிட்' ஆவது எப்படி?

"மக்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்" என்பது தயாரிப்பாளர்களின் பழைய பதில். அது எவ்வளவு உண்மை என்று மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். யாரும் கேள்விப்படாத 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். 14,341 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடல்கள் மட்டும் தெரிந்தன. மற்றவர்கள் எட்டுத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, தங்கள் குழுவில் ஒவ்வொரு பாடலும் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பதையும் பார்த்தார்கள்.

பாடல்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனாலும் எண்ணிக்கையைப் பார்த்த எட்டுக் குழுக்களிலும் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான இடைவெளி பெரிதாகியது. குழுவுக்குக் குழு வெற்றி பெற்ற பாடலும் மாறியது. மிக நல்ல பாடல் அடியோடு தோற்பதும், மிக மோசமானது முதலிடம் பிடிப்பதும் அரிதாகத்தான் நடந்தது. இடையில் இருந்த பாடல்களுக்கோ எதுவும் நடக்கலாம் என்ற நிலை. தொடக்கத்தில் தற்செயலாகக் கிடைத்த சிறு முந்தல், அடுத்தடுத்து வருபவர்களை ஈர்த்துப் பெரிதாவதைத் 'திரளும் ஆதாயம்' என்கிறார்கள்.

ஆகவே முதலிடத்தில் இருக்கும் ஒன்றைக் காட்டி "நம் சமூகத்தின் ரசனை இவ்வளவுதான்" என்று தலையில் அடித்துக்கொள்வது அவசரம். அதே மக்கள், அதே பாடல்கள், தொடக்கம் மட்டும் சற்று மாறியிருந்தால் இன்னொன்று அந்த இடத்தில் இருந்திருக்கும். இன்றைய தளங்களில் அடுத்து எதைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் பரிந்துரை நிரல்கள் (அல்காரிதம்கள்) இந்தத் திரளலை வேகப்படுத்துகின்றன. எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எதைச் சொடுக்கினார்கள், எதைப் பகிர்ந்தார்கள் என்று அளக்க முடிந்த செயல்களை வைத்தே அவை இயங்குகின்றன. பார்த்து முடித்தபின் மனத்தில் என்ன தங்கியது என்பது அந்தக் கணக்கில் எளிதில் ஏறாது.

சுருக்கமாக: புகழ் என்பது தரமும் தற்செயலும் திரளலும் கலந்தது. அது மக்களின் விருப்பத்தை ஓரளவு காட்டும்; முழுவதும் காட்டாது.

## பார்ப்பது எப்படி உள்ளே போகிறது?

### கற்றல் வேறு, செய்தல் வேறு

1961இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் சக ஆய்வாளர்களும் 72 சிறு குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில குழந்தைகள், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகளும் அதே சொற்களோடு, அதே விதமாகப் பொம்மையை அடித்தார்கள். இப்படிப் பிறர் செய்வதைக் கண்டே ஒன்றைப் பழகுவதைப் 'பார்த்துக் கற்றல்' என்கிறோம்.

இதோடு கதையை நிறுத்திவிடுபவர்கள் அதிகம். 1965இல் பண்டூரா செய்த அடுத்த சோதனைதான் இன்னும் பெரிய பாடம். அதில் பொம்மையை அடித்தவர் படத்தின் முடிவில் பாராட்டப்படுவதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள், தண்டிக்கப்படுவதை வேறு சிலர் பார்த்தார்கள், எதுவும் நடக்காததை மற்றவர்கள். தண்டனையைப் பார்த்தவர்கள் குறைவாகவே அவரைப்போலச் செய்தார்கள். சரி, முடிவில் தண்டித்துவிட்டால் போதும் போலிருக்கிறது என்று தோன்றும். ஆனால் "அவர் என்னென்ன செய்தாரோ அதைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும், மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் செய்து காட்டின. எல்லாக் குழந்தைகளும் கற்றிருந்தார்கள். தண்டனைக் காட்சி செயலைத்தான் தள்ளிவைத்தது, கற்றதை அழிக்கவில்லை.

இரண்டரை மணி நேரம் வில்லனின் மிடுக்கைக் காட்டிவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தில் அவனைக் கொன்றுவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனை ஓர் எச்சரிக்கை. அதேசமயம் இதன் வரம்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அடித்தது அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை. அளந்தது பார்த்த சில நிமிடங்களுக்குள். இதிலிருந்து நேரே தெருச் சண்டைக்குத் தாவ முடியாது.

### ஒருவழி நெருக்கம்

தினமும் நம் வீட்டுக் கூடத்தில் பேசும் தொடர் நாயகியும், காதோரம் பேசும் பாட்காஸ்ட் குரலும் நம்மை அறியமாட்டார்கள். நாமோ அவர்களை நெடுநாள் தெரிந்தவர்போல உணர்கிறோம். டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இல் பெயரிட்ட இந்த உணர்வைத் தமிழில் 'ஒருவழி நெருக்கம்' எனலாம். இது ஒரு குறைபாடு என்று பலர் நினைக்கிறார்கள். முகமும் குரலும் அடிக்கடி எதிரே வந்தால் நெருக்கம் உண்டாவது மனித மனத்தின் இயல்புதான்.

நேரில் பழக வாய்ப்பே இல்லாத ஒரு பிரிவினரைக் கதையில் முழு மனிதராகத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம் அவர்கள்மீதான வெறுப்பு குறைவதை எட்வர்ட் ஷியாப்பாவும் குழுவினரும் 2005இல் காட்டினார்கள். அதே நெருக்கத்தின் மறுமுகம் கொடியது. புகழ்பெற்ற ஒருவரின் தற்கொலைச் செய்தி பெரிதாக்கி வெளியிடப்படும்போது, தொடர்ந்து தற்கொலைகள் கூடுவதை 1974இல் டேவிட் ஃபிலிப்ஸ் பதிவுசெய்தார். எப்படி நடந்தது என்ற விவரத்தைத் தராதீர்கள், தலைப்பில் பெரிதாக்காதீர்கள், உதவி கிடைக்கும் வழியைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு வழிகாட்டுவது இதனால்தான். இருண்ட கட்டத்தைக் கடந்து வந்தவர்களின் கதைகள் பாதுகாப்பான பக்கம் வேலை செய்கின்றன என்று 2010இல் ஆஸ்திரிய ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஊடகம்தான், சொல்லும் விதத்தில் உயிர்கள் நிற்கின்றன.

### ஊர்க் கடிகாரம்

இப்போது முதலில் சொன்ன அந்த 'இடம்'. ஊர் நடுவே ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. எல்லாரும் தங்கள் கடிகாரத்தை அதைப் பார்த்துத் திருப்பிக்கொள்கிறார்கள். மணிக்கூண்டு பத்து நிமிடம் தவறினால் ஊரே சேர்ந்து தவறும். யாருக்கும் தவறு தெரியாது, ஏனென்றால் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். வெகுசனப் பண்பாடு அந்த மணிக்கூண்டு. "எது சரி" என்ற நம் எண்ணத்தை மாற்றுவதைவிட, "மற்றவர்கள் எதைச் சரி என்கிறார்கள்" என்ற நம் கணிப்பை அது எளிதாக மாற்றிவிடுகிறது. இந்தக் கணிப்புக்கு 'சமூக நெறி' என்று பெயர்.

இதற்கு வலுவான சான்று ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவிலிருந்து வருகிறது. இனக்குழுப் பகையைக் குறைக்கும் நோக்கில் எழுதப்பட்ட ஒரு வானொலி நாடகத்தைச் சில சமூகங்கள் ஓராண்டு கேட்டன. வேறு சில சமூகங்கள் உடல்நலம் பற்றிய நாடகத்தைக் கேட்டன. எலிசபெத் லெவி பலக் 2009இல் வெளியிட்ட முடிவு இது: கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் "நம் ஆட்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள்" என்ற கணிப்பும், ஒன்றாகப் பேசி முடிவெடுக்கும் நடத்தையும் மாறின. அதே நாட்டில் 1994 இனப்படுகொலையின்போது வானொலி எதற்குப் பயன்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது. பாட்டும் பகடியும் கலந்த ஒலிபரப்பின் நடுவே கொலைக்கு அழைப்பு விட்ட நிலையத்தின் நிறுவனர்களை 2003இல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது. வெறுப்பை வழக்கமாக்கியதும் வானொலி, பேசித் தீர்ப்பதை வழக்கமாக்க முயன்றதும் வானொலி.

சுருக்கமாக: திரையில் காண்பது செயல்முறையைக் கற்றுத் தருகிறது, அந்நியரை அறிமுகமானவர் ஆக்குகிறது, ஊர் என்ன நினைக்கிறது என்ற கணிப்பைத் திருப்பி வைக்கிறது. மூன்றிலும் கடைசியானதே ஆழமானது.

## நன்மை நடந்த இடங்கள்

பிரேசிலில் ஒரே நிறுவனத்தின் தொடர்கள் பல ஆண்டுகளில் படிப்படியாக நாடெங்கும் போய்ச் சேர்ந்தன. அந்தத் தொடர்களின் நாயகிகளில் பெரும்பாலோருக்குக் குழந்தை இல்லை, அல்லது ஒன்றுதான். ஒளிபரப்பு எட்டிய பகுதிகளில் பிள்ளைப்பேறு குறைந்ததை எலியானா லா ஃபெராரா, ஆல்பர்ட்டோ சோங், சுசான் டுரியா 2012இல் காட்டினார்கள். தொடர்களால்தான் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் பிடித்த ஒரு தடயம் அழகானது: அந்தப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளுக்குத் தொடர்ப் பாத்திரங்களின் பெயர்கள் அதிகமாக வைக்கப்பட்டிருந்தன. குடும்பக் கட்டுப்பாடு பற்றி யாரும் திரையில் உபதேசம் செய்யவில்லை. சிறு குடும்பம் கௌரவமான, கண்ணுக்குப் பழகிய காட்சியானது, அவ்வளவுதான்.

ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. பீகார், டெல்லி, கோவா, ஹரியானா, தமிழ்நாடு ஆகிய இடங்களின் கிராமங்களில் 2001 முதல் 2003 வரை கேபிள் டிவி நுழைந்ததைப் பின்தொடர்ந்தார்கள். கேபிள் வந்த பிறகு, கணவன் அடிப்பதை ஏற்கலாம் என்று சொன்ன பெண்கள் குறைந்தார்கள்; ஆண்பிள்ளைதான் வேண்டும் என்ற விருப்பம் தணிந்தது. மாமியார் மருமகள் சண்டை என்று நாம் ஒதுக்கித் தள்ளிய அதே வகைத் தொடர்களும் அந்தக் கேபிளில் ஓடிக்கொண்டிருந்தன என்பதை நினைவில் வைக்க வேண்டும். இந்த ஆய்வு பதிவுசெய்தது பெண்கள் தாங்களே சொன்ன விடைகளை. வீட்டுக்குள் அடி உண்மையாகவே எவ்வளவு குறைந்தது என்பது வேறு கேள்வி.

வேண்டுமென்றே இதைப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 1970களில் மெக்சிகோவில் மிகேல் சபிதோ, பெரியவர்கள் எழுத்தறிவு வகுப்பில் சேரும் கதையைத் தொடராக்கினார். வகுப்பில் சேர்ந்தவர்கள் லட்சக்கணக்கானோர். அவருடைய முறையில் நல்லவர், கெட்டவர் இருவரோடு மூன்றாவதாக ஒருவர் கட்டாயம் இருப்பார்: தயங்குபவர். மனம் மாறுவது அவர்தான், அவர் வழியாகத்தான் பார்ப்பவரும் மாறுகிறார். சமூகச் செய்தி சொல்லும் படைப்புகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். உத்தமரை நடுவில் நிறுத்தி வசனம் பேசவைக்கிறார்கள், தயங்குபவரை எழுத மறந்துவிடுகிறார்கள்.

## தீமை நடந்த இடங்கள்

பசிபிக் தீவு நாடான ஃபிஜியின் நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது 1995இல். உடல் செழிப்பாக இருப்பதே அங்கு மதிப்பு. ஆன் பெக்கர் அதே ஆண்டும், மூன்றாண்டு கழித்து 1998லும் பள்ளி மாணவிகளை ஆய்வு செய்தார். உண்ணும் பழக்கம் குறித்த வினாப்பட்டியலில் கவலைக்குரிய மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமானார்கள். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் 1995இல் யாரும் இல்லை, 1998இல் 11.3 சதவீதம். ஒவ்வொரு முறையும் ஆய்வில் இருந்தது அறுபதுக்குச் சற்று மேற்பட்டவர்களே என்பதால் இந்த எண்களை அளந்துதான் பயன்படுத்த வேண்டும். இருந்தும் திசை தெளிவு. பிரேசில் பெண்களுக்குச் சிறு குடும்பத்தை இயல்பாக்கிய அதே கடிகாரம், ஃபிஜிப் பெண்களுக்கு மெலிந்த உடலை இயல்பாக்கியது.

புகைபிடித்தலில் சான்று இன்னும் உறுதியானது. திரைப்படங்களில் வரும் புகைக் காட்சிகள் இளையோரைப் புகைக்கத் தூண்டும் காரணங்களில் ஒன்று என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012 அறிக்கை முடிவுசெய்தது. தொடர்பு மட்டும் இருக்கிறது என்று நிறுத்தவில்லை. காரணம் என்றே எழுதியது.

வன்முறை வீடியோ கேம்கள்மீதான பழிக்கு அந்த வலிமை இல்லை. கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு ஆக்ரோஷங்களோடு சிறிய தொடர்பு உண்டு, ஆனால் உண்மையான வன்முறைக்கு அவைதான் காரணம் என்று சொல்லப் போதிய சான்றில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தெளிவுபடுத்தியது.

அளக்கக் கடினமான ஒரு தீமையும் உண்டு: திரையில் வராமலே போவது. ஒரு மொழியின் வட்டார வழக்கு எப்போதும் வேலைக்காரர் வாயிலும் கோமாளி வாயிலும் மட்டும் வந்தால், அதைப் பேசும் பிள்ளை வகுப்பறையில் வாயைத் திறக்கத் தயங்கும். இங்கே எந்தக் காட்சியும் தனியாகக் குற்றம் செய்யவில்லை. நூறு படங்களில் திரும்பத் திரும்ப வந்ததால் அது வழக்கமாகிவிட்டது. ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் இதைத்தான் வலியுறுத்தினார்: ஒரு படத்தின் பாதிப்பைத் தேடாதீர்கள், ஆண்டுக்கணக்கில் படியும் வண்டலைப் பாருங்கள். தொலைக்காட்சியை மிக அதிகமாகப் பார்ப்பவர்கள், உலகம் இருப்பதைவிட ஆபத்தானது என்று நம்பச் சற்றே கூடுதலாகச் சாய்கிறார்கள் என்று அவர் கண்டார். விளைவு சிறியதுதான், ஆனால் கோடிக்கணக்கானோர்மீது படிகிறது.

## பேச்சு எங்கே தடம் புரள்கிறது?

"எனக்கு ஒன்றும் ஆகாது, மற்றவர்கள்தான் கெட்டுப்போவார்கள்" என்று ஏறத்தாழ எல்லாரும் நினைக்கிறார்கள். 1983இல் ஃபிலிப்ஸ் டேவிசன் இதற்கு 'மூன்றாம் நபர் விளைவு' என்று பெயரிட்டார். தடை கேட்டு எழும் குரல்களைக் கவனியுங்கள். பேசுபவர் தம்மைக் காப்பாற்றச் சொல்வதே இல்லை.

அடுத்தது, ஒன்றோடொன்று வருவதை ஒன்றால் ஒன்று வந்ததாக எடுத்துக்கொள்வது. சண்டைப் படம் அதிகம் பார்க்கும் பையன் முரடனாக இருக்கிறான் என்றால், படம் அவனை முரடனாக்கியிருக்கலாம். முரடனாக இருப்பதால் அந்தப் படங்களைத் தேடியிருக்கலாம். கவனிக்க ஆளில்லாத வீடு இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம். கேபிள், ஒளிபரப்பு ஆய்வுகள் மதிப்புள்ளவையாவது, வசதி எப்போது வந்து சேரும் என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்யவில்லை என்பதால்தான்.

## ஒரு தொடரை எடைபோடும் விதம்

ஒரு தாளும் பேனாவும் போதும். ஒரே தொடரில் மூன்று அத்தியாயங்களாவது எடுங்கள். ஒன்றே ஒன்று விதிவிலக்காக இருக்கலாம். யார் எத்தனை முறை முடிவெடுக்கிறார், யாருடைய தொழில் நமக்குத் தெரிகிறது, யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். பிறகு தவறு செய்பவர் பக்கம் வாருங்கள். அவருக்கு முடிவில் என்ன தண்டனை என்பதைவிட, அதுவரை கேமராவும் பின்னணி இசையும் அவரை எப்படி நடத்தின என்பதைக் குறியுங்கள். அடிபட்டவர் அடுத்த காட்சியில் எங்கே? வலி, மருத்துவமனை, வழக்கு ஏதாவது உண்டா, அல்லது அவர் மறைந்தே போனாரா? எண்ணி முடித்த தாளும் உங்கள் முதல் எண்ணமும் வேறுபட்டால் தாளை நம்புங்கள். நமக்குப் பிடித்த தொடர்களில் நம் கண் பெரும்பாலும் மன்னித்துவிடும்.

குழந்தைகளோடு பார்க்கும்போது இன்னொரு விவரம் சேர்கிறது. பலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பெற்றோர் எதுவும் பேசாமல் உடனிருந்து பார்த்தால், மௌனம் சம்மதம் என்று குழந்தை எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அப்போது திரை சொன்னதற்கு வீடும் ஆமோதித்ததுபோல் ஆகிவிடும். படத்தை நிறுத்திவிட்டு நீண்ட அறிவுரை சொல்வதும் பலன் தராது. காட்சி ஓடும்போதே ஒரு சிறு கேள்வி போதும்: "அந்தக் கீழே விழுந்தவர் வீட்டில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும்?" விடை வராவிட்டாலும் பரவாயில்லை, படம் ஓடட்டும்.